மூச்சின் ஓய்வில்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு முப்பது வருடம் ஊர் ஊராக அலைந்தவர் எங்கள் பெரிய மாமா. ஆழ்துளைக் கிணறு இறங்குகையில் எழும் வெண்புழுதிக்கு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வார். அடங்கியதும் பீடி பற்றவைப்பார். பாறைத்தூளின் படிகச் சிலிக்கா நுரையீரல் புற்றுக்குக் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே வகைப்படுத்தியிருந்தது. நாங்கள் அதை அறிந்தபோது அவருடைய வலது நுரையீரலின் கீழ்மடலில் நெல்லிக்காயளவு கட்டி இருந்தது. பீடியின் பங்கு எவ்வளவு, புழுதியின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

அறுவைக்கு அவர் மூச்சு இடங்கொடுக்கவில்லை. கதிர்வீச்சுதான் என்றானது. அங்கும் மூச்சே குறுக்கே நின்றது. உதரவிதானத்தை ஒட்டிய கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் ஓரிரு சென்டிமீட்டர்கூட ஏறி இறங்கும். மேல்மடலில் இவ்வளவு அசைவு இராது. அசைவு முழுவதையும் வளைத்துக் கதிர் பாய்ச்சினால் நல்ல நுரையீரலும் வேகும். குறுக்கினால் கட்டி தப்பும்.

1990களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் லாக்ஸும் புளோம்கிரெனும் நோயாளியைச் சட்டகத்தில் கிடத்தி, வயிற்றைத் தட்டால் அழுத்தி அசைவைக் குறைத்தார்கள். மாமாவுக்கு அந்தத் தண்டனை வாய்க்கவில்லை. வயிற்றின்மீது ஒரு சிறு பெட்டி, அதைக் கவனிக்கும் அகச்சிவப்புக் கேமரா. ஸ்கேன் ஒரு மூச்சைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டியது. மூச்சை அடக்கச் சொன்னபோது எட்டு எண்ணுவதற்குள் இருமிவிட்டார். ஆகவே வேறு வழி: மூச்சு வெளியேறி முடிந்ததும் வரும் சிறு ஓய்வில் கட்டி ஏறக்குறைய அதே இடத்தில் சற்றுத் தங்குகிறது. அப்போது மட்டும் கதிர் பாயும்.

"மூச்சு உடறதுக்குமாங்க இந்த வயசுல படிக்கோணும்?" என்றார் டாக்டரிடம்.

"ஒரே சீரா விட்டீங்கன்னாப் போதுமுங்க ஐயா."

இரண்டு வாரம் திண்ணையில் பயிற்சி. அத்தை எண்ண, அவர் விட, அருகிலிருந்த நாங்களும் அறியாமலே அந்தத் தாளத்துக்கு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்து அமர்வுகள், 50 கிரே. நான்காம் நாள் திரையில் ஓடும் அலையை எங்களுக்குக் காட்டினார்கள். நடுவே அது கோணியது, இருமல். கதிர் தானாக நின்றது. எங்களுக்குக் கை நடுங்கிற்று. வெளியே வந்த மாமா சொன்னார்: "பிட்டு சிக்குனா எஞ்சினை நிறுத்தறமில்ல? அதுமாதிரிதான் சாமி."

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டியிருந்த இடம் சுருங்கி மங்கலாகத் தெரிந்தது. கதிர்பட்ட வடுவா, கட்டியின் மிச்சமா என்பதை அடுத்த ஸ்கேனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அத்தை இன்னமும் இரவில் எண்ணிக்கொண்டிருக்கிறார்.