கள்ளக்குறிச்சிக்கு எத்தனை கட்டம்?

ஒரு சின்னக் கணக்கு. 'கள்ளக்குறிச்சி'ங்கிற வார்த்தையில எத்தனை எழுத்து? விரல் விட்டே எண்ணுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க. க, ள், ள, க், கு, றி, ச், சி. ஆக 8. சரிதானே? இப்ப இதையே பைத்தானுக்குக் கொடுத்து நீளம் எவ்வளவுனு கேளுங்க. கூசாம 14-னு சொல்லும். சி லாங்குவேஜ்ல கேட்டா இன்னும் கொடுமை... 42! (யூடிஎஃப்-8ல சேமிச்சிருந்தா.) 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமா வந்தப்பகூட நம்ம ஊர் இவ்வளவு பெருசாகலை!

இந்த 14 எனக்கு எப்படித் தெரியும்? என் க்ளாஸ்மேட் ஒருத்தன் மினி புராஜெக்ட்டுக்கு ஒரு வார்த்தை விளையாட்டு பண்ணினான். திரையில காலிக் கட்டங்கள் வரும், ஒவ்வொரு எழுத்தா யூகிச்சு ஊர்ப் பேரைக் கண்டுபிடிக்கணும். கோடு மொத்தமும் சாட்பாட் எழுதிக் கொடுத்தது. ரெண்டு நிமிஷ வேலை. கலர், மியூசிக், ஸ்கோர்னு அமர்க்களமா இருந்தது. அதை என் லேப்டாப்புல ஏத்திக்கிட்டு, கச்சிராயபாளையம் வழியா மலைக்குப் போற பஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். எங்க ஊர் வெள்ளிமலைக்குப் பக்கம். உண்டு உறைவிடப் பள்ளியில ஏழாவது படிக்கிற தங்கச்சிகிட்ட விளையாடக் கொடுத்தேன்.

அவ ரெண்டு நிமிஷம் முறைச்சுப் பார்த்துட்டு சொன்னா: "அக்கா, இதுல கட்டமே தப்பா இருக்கு."

ஏழாங்கிளாஸ் பொண்ணு, கம்ப்யூட்டர்னா என்னன்னு பாடப் புத்தகத்துல பார்த்ததோட சரி. அவளோட ஆயுதம் பத்து விரல் மட்டும்தான்.

திங்கக்கிழமை நண்பன்கிட்ட சொன்னேன். அசரவே இல்லை அவன். 'கட்டம் அதிகமா வருது, சரி பண்ணு'ன்னு சாட்பாட்டுக்குத் தட்டினான். அது பணிவா மன்னிப்புக் கேட்டுட்டு, 'இப்போது சரியாகிவிட்டது'ன்னு புதுக் கோடு கொடுத்தது. ஓட்டிப் பார்த்தா... 11. மறுபடி மன்னிப்பு. மறுபடி 14. இப்படியே மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை பண்ணிக்கிட்டாங்க!

நான் பண்ணது பெரிய வித்தை எல்லாம் இல்லை. ரஃப் நோட்டுல அந்த வார்த்தையைப் பிய்ச்சுப் பிய்ச்சு எழுதினேன். யூனிகோடுல 'கு'ன்னு தனி எண் கிடையாது. 'க'வுக்கு ஒண்ணு, உகரக் குறிக்கு ஒண்ணு. 'ள்'ளுக்கும் அப்படித்தான்: 'ள' ஒண்ணு, மேல வைக்கிற புள்ளி ஒண்ணு. நம்ம 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்காம இப்படி ஒட்டுப் போட்டுத்தான் தமிழை உள்ளே வெச்சிருக்காங்க. (ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தர்ற 'டேஸ்-16'ஐயும் யூனிகோடோட சேர்த்து தமிழக அரசு 2010-ல அங்கீகரிச்சது. ஆனா உலகம் யூனிகோடுலதான் ஓடுது.) ஆக 8 எழுத்தோட 3 புள்ளி, 3 உயிர்க்குறி சேர்ந்தா 14. புள்ளியை மட்டும் கழிச்சா 11. அந்தப் பதினொண்ணு எங்கிருந்து வந்ததுனு இப்ப புரியுதா?

இது புரிஞ்சதும் சாட்பாட்கிட்ட நான் கேட்ட கேள்வி வேற. 'புள்ளியும் உயிர்க்குறியும் முந்தின எழுத்தோட சேரணும், தனியா எண்ணக் கூடாது. எப்படிப் பண்ணலாம்?' முதல் பதில்லயே வேலை முடிஞ்சது. 'ஓப்பன்-தமிழ்'னு பைத்தான்ல ஒரு நூலகம் இருக்கு, எழுத்தெழுத்தா பிரிச்சுத் தர்ற வசதி அதுல உண்டுன்னும் சொன்னது. இருக்கானு போய்ப் பார்த்தேன். நிஜமாவே இருக்கு. பார்க்காம நம்பாதீங்க பாஸ். இல்லாத நூலகத்துக்குப் பேர் வைக்கிறதுல இதுங்க கில்லாடிங்க!

உடனே, 'பார்த்தீங்களா, இந்த ஏ.ஐ.யே வேஸ்ட்'னு நான் சொல்லப் போறேன்னு நினைச்சா ஸாரி. எனக்கு அது பண்ணின உதவி கொஞ்சநஞ்சம் இல்லை. எங்க வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி ஆகப் போறவ. அப்பா பாதி வருஷம் கர்நாடகாவுல காப்பித் தோட்டத்துல இருப்பார். 'லூப்புக்குள்ள லூப் எதுக்கு?'ன்னு கேட்க அக்காவோ, மாமாவோ, டியூஷன் சென்டரோ மலையில கிடையாது. க்ளாஸ்ல எழுந்து இங்கிலீஷ்ல கேட்கலாம். அம்பது தலை திரும்பிப் பார்க்கும், அந்த ரெண்டு செகண்டுக்குப் பயந்தே எத்தனை டவுட்டு தொண்டையிலேயே நின்னிருக்கு தெரியுமா? உங்களுக்கும் நின்னிருக்கும்.

அதையெல்லாம் ராத்திரி ஹாஸ்டல்ல, பாதித் தமிழ் பாதி இங்கிலீஷ்ல, சாட்பாட்கிட்ட கேட்டேன். 'சாமை மூட்டையை வெச்சு சொல்லு'ன்னேன். பத்து மூட்டை வெளி லூப்பாம், ஒவ்வொரு மூட்டையையும் பிரிச்சுப் படி படியா அளக்கிறது உள் லூப்பாம். முதல் மூட்டையை அளந்து முடிச்சாத்தான் ரெண்டாவது மூட்டை. அட, இவ்வளவுதானா! நாலாவது தடவை கேட்டப்பவும் அது சலிச்சுக்கலை. என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கலை.

காசும் பெரிய பிரச்னையா இல்லை. ஜியோ சிம் வெச்சிருந்த நம்ம வயசுக்காரங்களுக்கு ஜெமினி 18 மாசம் இலவசம், சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் இலவசம்னு 2025 கடைசியில அள்ளி விட்டாங்க. அதே வருஷம் பிப்ரவரியில ஆந்த்ரே கார்பதி 'வைப் கோடிங்'னு ஒரு பேரும் வெச்சுட்டார். கோடைப் படிக்கவே வேணாம், சொல்லிச் சொல்லியே வாங்கிக்கலாம்னு அர்த்தம். அவர் ஓப்பன் ஏ.ஐ.யை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். கோடு தப்பா வந்தா எங்கே தப்புனு அவருக்குத் தெரியும். நமக்கு?

தெரிஞ்சவங்களுக்கே அது சறுக்கின கதையும் உண்டு. 'மெட்ர்'ங்கிற அமைப்பு 2025 ஜூலையில ஒரு ஆய்வை வெளியிட்டது. அனுபவசாலி புரோகிராமர்கள் 16 பேர், அவங்களுக்கு நல்லாப் பழகின புராஜெக்ட்டுகள்லயே 246 வேலைகள். ஏ.ஐ. வெச்சு செஞ்சப்ப 19 சதவீதம் அதிக நேரம் ஆயிருக்கு. ஆனா முடிச்சுட்டு அவங்க சொன்னது: '20 சதவீதம் சீக்கிரம் முடிஞ்சது!' பதினாறே பேர், அதுவும் அந்த வருஷ ஆரம்பத்துல இருந்த டூல்கள், அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம். எனக்கு உறைச்சது அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான். என் நண்பனும் அன்னிக்கு மத்தியானம் வரை வேகமா வேலை பண்றதாத்தான் நம்பிக்கிட்டு இருந்தான்.

வைவாவுல அவன் மாட்டினது வேற கதை. "இந்த வரியை எடுத்துட்டா என்னாகும்?" ஒரே ஒரு கேள்விதான். முழிச்சான். கேம்பஸ் இன்டர்வியூவுலயும் இதையேதான் கேட்பாங்க, அந்த ரூமுக்குள்ள போன் கிடையாது. அப்பாகிட்ட பணம் கேட்டுக் கேட்டு மூணு வருஷம் படிச்சவங்க அந்த நாற்காலியில உட்கார்ந்து முழிக்க முடியாது ஃப்ரெண்ட்ஸ்.

என் வழி சிம்பிள். அது கொடுக்கிற கோடை பஸ் ஏறுறதுக்கு முன்னாடி போன்ல சேமிச்சுக்குவேன். கோமுகி அணை தாண்டி வளைவுல ஏற ஆரம்பிச்சா சிக்னல் வர்றதும் போறதுமாத்தான் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. வரி வரியாப் படிச்சு, எந்த வரி எதுக்குன்னு நோட்டுல தமிழ்ல எழுதுவேன். எங்கே பேனா நிக்குதோ அதை மட்டும் ஊர்ல டவர் கிடைக்கிற பாறை மேல ஏறி நின்னு கேட்பேன்.

நண்பனோட விளையாட்டு இப்ப 8 கட்டம் சரியாக் காட்டுது. தங்கச்சி அடுத்த குண்டைப் போட்டுட்டா. 'ஸ்ரீரங்கம்'னு வந்தா 'ஸ்ரீ'க்கு ஒரு கட்டமா, ரெண்டா? க்ளாஸே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்கு. சாட்பாட்கிட்ட ஒண்ணுன்னு நான் சொன்னேன், 'சரியாகச் சொன்னீர்கள்'ன்னது. ரெண்டுன்னு நண்பன் சொன்னான். அவனுக்கும் அதே பதில்தான்!