உவமை காட்டிய நோய்

இருபதாண்டுகளாக வகுப்பறையில் உவமையணி நடத்திவரும் நமக்கு, அதன் பயன் ஒரு மருத்துவர் அறையில்தான் விளங்கியது என்றால் மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

நம் அத்தா ஜவுளிக்கடை நடத்தியவர். 2014ஆம் ஆண்டில், தமது 67ஆம் வயதில், காரணமின்றி விழத் தொடங்கினார். கால் இடறி முன்னே விழவில்லை. நின்ற நிலையிலேயே பின்புறம் சாய்ந்தார். வாதம் என்றார் ஒருவர். பார்க்கின்சன் நோய் எனக் கருதி மாத்திரை தந்தார் மற்றொருவர். பயனில்லை. அவ்வாண்டு உறவினர் திருமண விருந்தில் மூவரோடு ஒரே சஹனில் அமர்ந்தவர், சோற்றைத் தட்டுக்கு வெளியே சிந்திக்கொண்டேயிருந்தார். ஒரு பருக்கை வீணாவதையும் பொறுக்காதவர் அவர். சபையில் நமக்கு நாணமாயிற்று. "கீழே பார்த்துச் சாப்பிடுங்கள் அத்தா" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

2016இல்தான் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். தலையை அசைக்காமல் தரையைப் பார்க்குமாறு அத்தாவிடம் கூறினார். கண்கள் நேரே நின்றனவேயன்றிக் கீழிறங்கவில்லை. பின்னர் எம்.ஆர்.ஐ. படத்தை ஒளிப்பலகையில் பொருத்தி, "ஹம்மிங்பேர்டு தெரிகிறதா, ஐயா?" என்று நம்மை வினவினார்.

மூளையை நெற்றி முதல் பிடரி வரை நடுவே பிளந்தாற்போலக் காட்டும் படம் அது. மேல்விளிம்பு புடைத்திருக்க வேண்டிய நடுமூளை தேய்ந்து, சிறு தலையும் கூரிய அலகுமாய் மெலிந்திருந்தது. அதன்கீழ், பான்ஸ் எனப்படும் மூளைப்பாலம் அவ்வாறு தேயாமல், பறவையின் வயிறுபோல் பருத்திருந்தது. கண்களை மேலும் கீழும் செலுத்தும் நரம்பு மையங்கள் அந்த நடுமூளையில்தான் உள்ளன என்றார் மருத்துவர். சஹன் நினைவு வந்து நெஞ்சைச் சுட்டது. அத்தா கவனமின்றிச் சிந்தவில்லை. கீழே பார்க்க அவரால் இயலவில்லை.

1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸ்செவ்ஸ்கி என்னும் மூவர் விரித்துரைத்த நோய் இது. சுருக்கமாகப் பி.எஸ்.பி. என்பர்.

நிற்க. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய பறவை. நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு. அதே உருவைப் பென்குயின் எனக் காண்பாரும் உளர். வினை, பயன், மெய், உரு என உவமத்தின் தோற்றம் நான்கு வகுத்தார் தொல்காப்பியர். மருத்துவர்தம் உவமைகள் பெரும்பாலும் வடிவு பற்றிய மெய்யுவமமே. மூளையின் ஆழத்தில் இரும்பு படியும் ஓர் அரிய நோயில் புலியின் கண் தோன்றுமாம். வில்சன் நோயில் செம்பு தேங்க, நடுமூளையின் குறுக்குவெட்டில் பாண்டாக் கரடியின் முகம் தென்படுவதுண்டாம். இந்நோயைக் காலத்தே கண்டால் செம்பை வெளியேற்றும் மருந்துகள் உள. அந்தக் கரடி முகத்தை அறிந்த கண் ஓர் இளைஞனின் வாழ்வைக் காக்கவும் கூடும். அழகுக்காக மட்டுமே உவமை என்று எண்ணியிருந்தோம் நாம்!

"அப்படியானால் படம் ஒன்றே போதுமே?" என்றோம். மருத்துவர் தலையசைத்து மறுத்தார். நோயின் தொடக்கத்தில் பறவை புலப்படாமலே இருக்கலாம். மூளையில் நீர் தேங்கும் பிறிதொரு நோயிலும் அதுபோன்ற தோற்றம் வரலாம். விழுந்த வரலாற்றையும் இறங்காத கண்களையும் அறிந்த பின்னரே படத்தைச் சான்றாகக் கொள்கிறோம் என்றார். உவமை கண்டவுடன் பொருள் முடித்துவிடும் உரையாசிரியர் சிலர் நம் நினைவில் வந்தனர்.

நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. விழாமல் காப்பதும், புரையேறாமல் உணவளிப்பதும், உண்ணும் தட்டை உயர்த்தி வைப்பதுமே நம்மால் ஆவன என்றார்.

அன்றிரவு மேசைமேல் பலகைப்பெட்டி ஒன்றை வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றினோம். அத்தா சற்றுநேரம் அதையே நோக்கியிருந்தார். பின், "இப்பொழுது சோறு தெரிகிறது" என்றார்.