முதுகுல காத்து... நரிக்குடி டு ரன்வே!

ஆடி மாசம் திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்கு சைக்கிள்ல போயிருக்கீங்களா? மிதிக்கவே வேணாம் பாஸ்... சும்மா உட்கார்ந்தா போதும். மேற்கேயிருந்து வர்ற காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளிக்கிட்டே வரும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், காஞ்சு வெடிச்ச கண்மாய், கரிமூட்டப் புகை. அந்தப் புகையும் நம்ம கூடவே நரிக்குடிப் பக்கம்தான் ஓடும்.

நரிக்குடி, விருதுநகர் மாவட்டத்தோட கிழக்கு ஓரம். மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் இந்தப் பக்கம்தான். விருதுநகர் - மானாமதுரை லைன்ல ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பிளேன்? அண்ணாந்து பார்த்தாதான் உண்டு. பக்கத்து ரன்வே மதுரையில.

அப்புறம் இங்கே எதுக்கு பிளேன் கதைங்கறீங்களா? நான் ஏரோநாட்டிக்கல் மூணாம் வருஷம். போன செமஸ்டர்ல ஒரு அசைன்மென்ட். காத்தே இல்லாதப்போ ஒரு விமானம் 140 நாட் வேகத்துல தரையை விட்டு எழும்புது, அதுக்கு 2,000 மீட்டர் ரன்வே வேணும். (ஒரு நாட்னா மணிக்கு 1.852 கி.மீ.) இப்போ பின்னாலேயிருந்து 10 நாட் காத்து அடிச்சா எவ்வளவு தூரம் வேணும்?

ஐயாவுக்கு நரிக்குடி சைக்கிள் ஞாபகம் வந்துடுச்சு. 'காத்து தள்ளுதுல்ல, சீக்கிரம் கிளம்பிடும்'னு 10-ஐக் கழிச்சு, 1,724 மீட்டர்னு எழுதிக் கொடுத்துட்டேன். சார் சிவப்பு மையில ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்... "இந்த பிளேன்ல உங்க அம்மாவை ஏத்துவியா?"

சைக்கிளுக்கு ரோடு முக்கியம். பிளேனுக்கு இறக்கை மேல ஓடுற காத்துதான் முக்கியம். பின்னாலேயிருந்து 10 நாட் அடிச்சா, நின்னுக்கிட்டு இருக்கும்போதே அது மைனஸ் 10. இறக்கைக்கு 140 கிடைக்கணும்னா சக்கரம் 150-ல ஓடியாகணும். தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 150-ஐயும் 140-ஐயும் வர்க்கம் பண்ணி வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 15 சதவிகிதம் கூடுது. அதாவது 2,296 மீட்டர்.

மதுரை ரன்வேயோட நீளம் 2,285 மீட்டர்!

இது பேப்பர்ல போடுற சுலபக் கணக்குதான். நிஜத்துல இன்னும் கறார். எதிர்காத்து அடிச்சா அதுல பாதியைத்தான் கணக்குல சேர்க்க விடுவாங்க. பின்காத்துன்னா ஒன்றரை மடங்கா சேர்க்கணும். ஏன்னா காத்தை நம்ப முடியாது, எந்த நிமிஷமும் மாறும். அந்த 10, 15 ஆகிடும். தூரம் 2,450-ஐத் தாண்டும். அப்போ என்ன பண்ணுவாங்க? எடையைக் குறைக்கணும். சரக்கு, எரிபொருள், சில சமயம் ஆளுங்க. மதியம் ரெண்டு மணி வெயில்ல சூடான காத்து லேசாயிடும், இன்ஜின் இழுவையும் குறையும். நிலைமை இன்னும் மோசம்.

பாதி ஓட்டத்துல இன்ஜின் பழுதாகி நிறுத்தணும்னு வெச்சுக்குங்க. சக்கரம் கூடுதல் வேகத்துல ஓடுறதால பிரேக் எக்கச்சக்கமா கொதிக்கும். நிறுத்தாம எழும்பினாலும், தரையிலேயிருந்து பார்த்தா ஏத்தம் படுத்த மாதிரிதான் இருக்கும். அதனாலதான் நிறைய பயணிகள் விமானங்களுக்குப் பின்காத்து உச்சவரம்பு 10 நாட், சிலதுக்கு 15.

பிளேனைத் திருப்பிக்கிட்டு எதிர்ப்பக்கம் ஓடினா போச்சு? ஆமா, பெரும்பாலும் அதான். மதுரை ரன்வே கிழக்கு மேற்காத்தான் கிடக்கு. ஆடிக்காத்துக்கு மேற்கே மூஞ்சியை வெச்சா முடிஞ்சுது வேலை. ஆனா லே மாதிரி மலை சூழ்ந்த ஊர்ல இறங்குறது ஒரு திசை, கிளம்புறது அதுக்கு நேர் எதிர்த்திசை. காத்து அடிச்சா ரெண்டுல ஒண்ணுக்கு முதுகுலதான் அடிக்கும்.

இறங்கும்போதும் இதே கணக்குதான். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில, பின்காத்தோட இறங்குச்சு. சக்கரம் தரையைத் தொட்டப்போ பாதி ரன்வே போயிடுச்சு. ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்துல விழுந்து, ரெண்டு பைலட்டுகள் உள்பட 21 பேர் இறந்தாங்க. இறங்குற முயற்சியைக் கைவிட்டு மேலே போகாததைத்தான் விசாரணை அறிக்கை முதல் காரணமா சொல்லுது. ஆனா அந்த ராத்திரி காத்தும் பின்னாலேயிருந்து தள்ளிக்கிட்டுதான் இருந்துச்சு. அதைப் படிச்ச அன்னிக்குத்தான் சாரோட சிவப்பு மை எனக்குச் சுட்டுச்சு.

நரிக்குடியில அப்பத்தா வாசல்ல சுளகோட நின்னாங்க. குதிரைவாலி தூத்துறாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை புழுதியை எடுத்து விரல்லேர்ந்து உதிர விட்டாங்க. ஏர்போர்ட்ல கம்பத்துல பறக்குற ஆரஞ்சுத் துணிப்பைக்கும் இதே வேலைதான்! "எதுக்கு அப்பத்தா, தெனமும் மேகாத்துதானே?"ன்னேன். "பாக்காமத் தூத்துனா உமி கண்ணுல விழும்யா"ன்னாங்க.

திரும்பி வரும்போது எதிர்காத்து. போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ரெண்டரை. தொடை ரெண்டும் கழண்டு கீழே விழாத குறை. நடுவுல மூச்சு வாங்க சைக்கிளை நிறுத்தினேன். கண்மாய்க்கரையில ஒரு மயில். என்னைப் பார்த்து மிரண்டு, திரும்பி மேற்கே நாலு எட்டு ஓடி, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கிட்டு ஜம்முன்னு எழும்பிடுச்சு.