13 இலக்க எண்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பொங்கலுக்கு வந்திருந்த பேத்தி கல்லூரியில் கம்ப்யூட்டர் இரண்டாம் ஆண்டு. லீவிலும் லேப்டாப்பை விடவில்லை. உலகத்தில் எங்கே நிலநடுக்கம் வந்தாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி விழ வேண்டும், அதுதான் அவளுடைய புராஜெக்ட்.

"அந்த விவரமெல்லாம் யாரம்மா உனக்குத் தருவாங்க?"

"யு.எஸ்.ஜி.எஸ். தர்றாங்க தாத்தா. சும்மாவே."

அது அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு அமைப்பு. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சேவை வைத்திருக்கிறார்கள். காசும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நூலகத்தில் புத்தகம் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்போமே, அது போலத்தான். இங்கே சீட்டு என்பது ஓர் இணைய முகவரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, குறைந்தபட்ச அளவு என்ன, எந்த வடிவத்தில் வேண்டும் என்பதையெல்லாம் அந்த முகவரியின் வாலில் சேர்த்து என்டர் தட்டினால் பட்டியல் வந்து விழுகிறது. ஒரு சீட்டுக்கு 20,000 நிலநடுக்கம் வரைதான். அதற்கு மேல் போனால் பிழை என்று திருப்பி விடுவார்கள்.

"நீங்க ஒரு தேதி சொல்லுங்க தாத்தா" என்றாள்.

யோசிக்கவே இல்லை. "2004 டிசம்பர் 26" என்றேன். அவள் அப்போது பிறக்கவில்லை.

திரை நிறைந்துவிட்டது. அன்று முழுக்க வந்த பின்னதிர்வுகள். பெரியது முதலில் வரும்படி வரிசையை மாற்றச் சொன்னேன். மேலே வந்து நின்றது 9.1. இடம் 95.982, 3.295, ஆழம் 30 கிலோமீட்டர். தீர்க்கரேகையை முதலில் போடுகிறார்கள். வகுப்பில் அட்சரேகையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உங்களிடம் கண்டிப்பாக இருந்தவன் நான், அதனால் கொஞ்சம் உறுத்தியது.

நேரம் என்ற இடத்தில் மட்டும் 1104022733 என்று தொடங்கும் 13 இலக்க எண். "இதென்னம்மா?" என்றேன். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்ற கணக்காம். மாற்றிக் காட்டுகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் போட்டேன். கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் செகண்ட். ஒரு நாளைக்கு 86,400. வகுத்தால் 12,778 நாள், மீதி 3,533 செகண்ட். (முதல் தடவை தப்பாக வந்தது. என்னிடம் வகுத்தல் படித்தவர்கள் சிரிக்கலாம்.) அதாவது கிரீன்விச் நேரம் நள்ளிரவு 12 மணி 58 நிமிடம் 53 செகண்ட். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினேன்.

காலை 6:28:53.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது நான் வேலை பார்த்த ஊர் உங்களில் பலருக்குத் தெரியும். நாகப்பட்டினம் பக்கம், கடல் நடக்கும் தூரம். அன்று ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. ஏழு மணிக்கு முன்னாலேயே சென்னையிலிருந்து மைத்துனர் போன் செய்தார். "அத்தான், இங்க கட்டில் ஆடிச்சு, எல்லாரும் தெருவில நிக்கிறோம்." எங்கள் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டம் நின்றுவிட்டால் பயமில்லை, வீட்டுக்குள் போங்கள் என்றேன். ஆசிரியர் அல்லவா, யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

பேத்தியிடம் தூரம் அளக்கச் சொன்னேன். அந்தப் புள்ளியிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஆனால் பட்டியலில் இருப்பது முறிவு தொடங்கிய இடம் மட்டும். முறிவு அங்கிருந்து வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அவளுடைய வரைபடத்தில் அது ஒரே ஒரு புள்ளி. எங்கள் கரைக்குக் கடல் வந்தது ஒன்பது மணி வாக்கில். இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறது.

9.1 என்ற எண்ணும் அன்று காலையில் கிடையாது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் சொன்ன முதல் கணக்கு 8.0. பிறகு 8.5 ஆக்கினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கென்று அமைப்பு எதுவும் இல்லை. ஐதராபாத் மையம் வந்தது 2007-இல்.

ஒவ்வொரு பதிவிலும் 'சுனாமி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 0 அல்லது 1. விளக்கத்தைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். கடல் பகுதியில் பெரிய நடுக்கம் என்றால் 1 போடுவார்களாம். அலை வந்ததா, வருமா என்று அது சொல்லாதாம். சரிதான். 2012 ஏப்ரல் 11 போடச் சொன்னேன். அதே சுமத்ராவுக்கு அப்பால், 8.6, நமக்குப் பிற்பகல் 2:08. அன்று எச்சரிக்கை வந்தது, பிள்ளைகளை மேட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு ஓடினேன். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் அது, எங்கள் கரையில் கடல் ஏறவில்லை. சிலர் என்னைக் கேலி செய்தார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

2004-இல் மைத்துனர் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் குப்பத்திலிருந்து என் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பேப்பர் வாங்க வந்தான். "சார், மெட்ராஸ்ல பூகம்பமாமே, நமக்கு ஏதும் வருமா சார்?" என்று கேட்டான். "அது முடிஞ்சு போச்சுடா, பயப்பட ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பினேன். அவன் போய் அதை அப்படியே அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். முகாமில் பையனின் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குற்றமாகச் சொல்லவில்லை. "சாரே சொல்லிட்டாருன்னு நம்பிப் போனாங்க" என்றார், அவ்வளவுதான்.

நிலநடுக்கம் என்றால் சுவர் ஓரத்தில் நிற்காதே என்று பாடம் நடத்தினேன். கடலைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் பள்ளிக்கூடம். கடல் என்ற சொல்லை அந்தப் பாடத்தில் நான் சொன்னதே இல்லை.

அந்தப் பையன் இப்போது வளைகுடாவில் வேலையில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். இந்தப் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பினான். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடுப்பா. எத்தனை மணியானாலும் பரவாயில்லை.