நாலு மாச ஓட்டம், பன்னிரண்டு மாசத் தீனி

காங்கேயம் பக்கத்தில் நாலு ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு ஜோடி எருது, இரண்டு கறவை மாடு. இதுதான் என் உலகம். 61 வயதில் விமானம் ஏறுவேன் என்று நினைத்ததே இல்லை. மகள் நார்வே நாட்டின் வடகோடியில், டிராம்சோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மீன் நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன டிசம்பரில் கிளம்பிவிட்டேன். மனைவி வரவில்லை. கறவையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஊருக்குப் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கிளம்பும்போது ஒரு விஷயம் பாக்கி இருந்தது. எங்கள் ஜோடியில் மயிலைக்கு வயது 17 ஆகிவிட்டது. ஏர் இழுப்பதை நிறுத்தி இரண்டு வருடம். "தீனி தண்டம்தானுங்க, கொடுத்துருங்க" என்று தரகர் ஒருவர் வந்து விலையும் சொல்லிவிட்டுப் போனார். ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிராம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. ஒரே கும்மிருட்டு என்று நினைத்துப் போனேன், அப்படியும் இல்லை. பகல் 11 மணிக்கு, நம் ஊரில் கோழி கூவும் நேரத்து வெளிச்சம் வரும். நீலமாக இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். அப்புறம் மறுபடி ராத்திரி. கடலில் வெப்ப நீரோட்டம் ஓடுவதால் அவ்வளவு வடக்கில் இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. மலையைத் தாண்டி உள்ளே போனால்தான் நிஜமான குளிர்.

மகளின் சிநேகிதி ஒருத்தி, நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு பனிச்சறுக்கு வண்டி நாய்ப் பண்ணையில் வார விடுமுறையில் வேலை செய்கிறாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே ஆள் தட்டுப்பாடு. "உங்க அப்பாவுக்கு மாடு பழக்கம்தானே, கூட்டிக்கொண்டு வா" என்றார்களாம். டிசம்பர் 23-லிருந்து 27 வரை அங்கே தங்கினோம். சுற்றுலாக்காரனாகப் போகவில்லை, கூடமாட வேலைக்காரனாகப் போனேன். அதனால் பார்க்க முடிந்தது அதிகம்.

காலை வேலை

பிர்ச் மரக்காட்டுக்கு நடுவில் ஒரு வீடு, ஒரு கொட்டகை, வரிசை வரிசையாக மரப்பெட்டி மாதிரி நாய்வீடுகள். மொத்தம் 41 நாய். முதல் நாள் காலை ஏழு மணிக்கு வெப்பமானி மைனஸ் 18 காட்டியது. நான் கொண்டுபோன ஸ்வெட்டரைப் பார்த்துப் பண்ணைக்கார அம்மா சிரித்துவிட்டு, உடம்பு முழுக்க மூடும் ஒரே உடுப்பு ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் நுழையவே எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

முதல் வேலை தண்ணீர். சட்டியில் வைத்தால் சிறிது நேரத்தில் கல்லாகிவிடும். வெறும் குளிர்ந்த தண்ணீரை நாய்களும் சரியாகக் குடிப்பதில்லை. அதனால் வெந்நீரில் இறைச்சித் துண்டுகளைக் கரைத்து, கஞ்சி மாதிரி ஆளுக்கு ஒரு கரண்டி. மோப்பத்துக்காகக் குடிக்கும், தண்ணீரும் உள்ளே போய்விடும். தவிட்டைக் காட்டி மாட்டைத் தண்ணீர் குடிக்க வைக்கிறோமே, அதே வித்தைதான்.

அடுத்தது சாணி அள்ளுவது. நாய்க்கும் சாணி என்றே சொல்கிறேன், வேலை ஒன்றுதான். கல்லாக உறைந்து கிடக்கும். மண்வெட்டியால் பெயர்த்து வாளியில் போட வேண்டும். காலையும் மாலையும். நாற்றம் கிடையாது, அது ஒரு சௌகரியம். அள்ளும்போதே இளகலா கெட்டியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நாய்க்கு வயிறு சரியில்லை என்பது அதில்தான் தெரியும்.

மாலையில்தான் கனத்த தீனி. கசாப்புக்கூடத்தில் மிஞ்சும் இரைப்பை, நுரையீரல், கொழுப்பு இவற்றை அரைத்து உறையவைத்த கட்டிகளைக் கோடாலியால் உடைத்து, உலர்தீவனமும் வெந்நீரும் கலந்து கொடுக்கிறார்கள். கொழுப்பு அதிகம் சேர்ப்பது வேண்டுமென்றேதான். நமக்கு அரிசிச் சோறு எப்படியோ, ஓடும் நாய்க்குக் கொழுப்பு அப்படி. நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடும் நாய் ஒன்று ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி வரை எரிக்கும். நாள் முழுக்கக் காட்டில் உழைக்கும் ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் போதும். நாயின் எடையோ 25 கிலோதான்.

படுக்கை வைக்கோல். அதைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தில் புல்லும் உருளைக்கிழங்கும் விளையும், ஆடு வளர்ப்பார்கள். தானியம் பெரிதாக இல்லை. வைக்கோல் தெற்கிலிருந்து லாரியில் வருகிறது. பனி பெய்தாலும் நாய்கள் அதில் வட்டமாகச் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு தூங்குகின்றன.

சுழி பார்ப்பதில்லை, பாதம் பார்க்கிறார்கள்

படத்தில் வரும் நீலக்கண் நாய்களை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். பெரும்பாலானவை நம் தெருநாய் சாயலில் ஒல்லியாக, காது மடிந்து, கலப்பு நிறத்தில் இருந்தன. அலாஸ்கா ஹஸ்கி என்கிறார்கள். அழகுக்கான கண்காட்சி இனம் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஓட்டத்தை மட்டும் பார்த்துச் சேர்த்து எடுத்த கலப்பு. நாம் சந்தையில் பல்லும் சுழியும் பார்த்து மாடு பிடிக்கிறோம். அவர்கள் பாதம், ரோமம், பசி இந்த மூன்றையும் பார்க்கிறார்கள். தின்ன அடம்பிடிக்கும் நாய் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வேண்டாம். விரல் இடுக்கில் பனி கட்டிப் புண்ணாகும் பாதம் என்றால் துணி உறை மாட்டித்தான் ஓட்ட வேண்டும்.

ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே வகைப் பெயர் வைப்பது பழக்கம். ஒரு ஈற்றுக்கு மசாலாப் பெயர்கள்: ஏலக்காய், பட்டை, கறி. கறி என்றால் அவர்கள் மொழியில் கறிமசாலாத் தூள். எங்கள் பாஷையில் இறைச்சிக்கும் அதே பெயர்தான் என்று மகள் சொன்னதும் அந்த அம்மா கறியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பூட்டும் விதத்தை ஊன்றிப் பார்த்தேன். கழுத்தில் பாரம் ஏறுவதே இல்லை. தடித்த பட்டை நெஞ்சைச் சுற்றி முதுகில் குறுக்காக ஓடி, வால் பக்கத்தில் கயிற்றோடு சேர்கிறது. இழுவை முழுக்க நெஞ்சில். கழுத்துக் கயிறு வரிசையில் நிறுத்த மட்டும். நுகத்தடிப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியே காலம் தள்ளியவன் நான். அந்தப் பட்டையை இரண்டு தரம் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ஜோடி ஜோடியாகப் பூட்டுகிறார்கள். வலத்து மாடு, இடத்து மாடு போல அங்கேயும் சில நாய்கள் தன் பக்கம் மாறினால் வேலை செய்யாது. முன்னால் புத்தியுள்ளவை, வண்டியை ஒட்டி பலமுள்ளவை. கடிவாளம் கிடையாது, 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது.

பூட்டுகிறபோது 41 நாயும் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. 'என்னைப் பூட்டு, என்னைப் பூட்டு' என்று துள்ளும். வண்டி நகர்ந்த நொடியில் எல்லாம் அடங்கிவிடும். பனியில் சறுக்குக்கட்டை உரசும் ஓசையும் நாய்களின் மூச்சும்தான். எனக்குச் சொன்ன ஒரே விதி, விழுந்தாலும் கைப்பிடியை விடாதே. நான் விழுந்தேன். விடவில்லை. முப்பதடி தூரம் இழுத்துக்கொண்டு போயின. வாய் நிறையப் பனி.

அரிசிக் கஞ்சி

டிசம்பர் 24-ம் தேதி சவாரி இல்லை. அவர்களுக்கு அந்தச் சாயங்காலம்தான் பெரிய பண்டிகை. ஆனால் தண்ணீர், சாணி, தீனி எல்லாம் வழக்கம்போல. மதியம் பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, மேலே வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள். ஒரு பாதாம் பருப்பை உள்ளே ஒளித்து வைப்பார்கள். யார் தட்டில் வருகிறதோ அவருக்குப் பரிசு. ஒரு நெல்மணி விளையாத ஊரில் பண்டிகைச் சாப்பாடு அரிசி! அதில் ஒரு கிண்ணம் கொட்டகைக்குப் போகிறது. கால்நடையைக் காக்கும் குள்ளச் சாமி ஒன்று அங்கே இருப்பதாகவும், கஞ்சி வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்றும் பழைய நம்பிக்கை. வாசலில் குருவிகளுக்காக ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றும் கட்டியிருந்தார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் திண்ணை விட்டத்தில் நெற்கதிர் கட்டித் தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன்.

25-ம் தேதி இரவு காற்று மாறியது. காலையில் பார்த்தால் மழை! பனிக்குமேல் பெய்து, உறைந்து, தரை முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது. அதில் நாயை ஓட்டினால் கால் பிசகும், வண்டி நிற்காது. அன்றைக்கும் மறுநாளுக்கும் பதிவு செய்திருந்த சவாரி அத்தனையும் ரத்து. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் குரோனர், நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். வருடத்திலேயே கூட்டம் அதிகம் வரும் வாரம் அது. களத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கும்போது மழை வந்தால் நம் வீட்டில் எப்படி யாரும் பேசமாட்டோமோ, அப்படி உட்கார்ந்திருந்தார்கள். நாய்கள் மட்டும் ஏன் பூட்டவில்லை என்று கத்திக்கொண்டே இருந்தன.

அன்று சமையலறையில் அந்த அம்மா கணக்கு நோட்டைக் காட்டினார். சவாரி ஓடுவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, நாலு மாசம். தீனி பன்னிரண்டு மாசம். கோடையில் அவர் கணவர் தச்சு வேலைக்குப் போகிறார். 41 நாயில் வண்டி இழுப்பவை 30. குட்டிகள் நாலு. மீதி ஏழும் பத்து வயது தாண்டியவை, ஓடாதவை. சிலதை நகரத்து வீடுகளில் வளர்க்கக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வீடு கிடைப்பதில்லை.

இந்தத் தொழிலின் இருட்டுப் பக்கம் அங்கேதான் இருக்கிறது. டிராம்சோ துறைமுகத்தில் ஆமுண்ட்சென் சிலை நிற்கிறது. 1911 டிசம்பர் 14-ல் தென் துருவத்தை முதலில் தொட்டவர். கடைசிப் பயணத்துக்கு 52 நாய்களோடு கிளம்பி 11 நாய்களோடு திரும்பினார். மற்றவற்றைப் பெரும்பாலும் வழியில் கொன்று உணவாக்கினார்கள், அதுவும் முன்கூட்டியே போட்ட திட்டப்படி. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2010-ல் கனடாவின் விஸ்லரில் குளிர்கால ஒலிம்பிக் முடிந்து, சவாரிக்கு ஆள் குறைந்ததும், ஐம்பதுக்கும் மேற்பட்ட வண்டி நாய்களைக் கொன்று புதைத்துவிட்டார்கள். மறு வருடம் விஷயம் வெளியே வந்து, அந்த மாகாணத்தில் விலங்கு வதைச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.

"அதைப் படித்தபிறகு நான் ஒரு முடிவு செய்தேன்" என்றார் அந்த அம்மா. "ஓய்வு நாய்களின் தீனிச் செலவையும் சவாரிக் கட்டணத்தில் சேர்த்துத்தான் விலை வைக்கிறேன். அதிகம் என்று சிலர் வேறு இடம் போகிறார்கள். குட்டியும் எண்ணித்தான் எடுக்கிறேன். இந்த வருடம் ஒரே ஈற்று."

அவர் செய்வதெல்லாம் எனக்குச் சரியாகப் பட்டது என்று சொல்லமாட்டேன். நாய்களை நீளச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பது சுற்றுலாக்காரர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை. அடைப்பில் விட்டால் சண்டையில் கடித்துக்கொள்ளும் என்பது அவர் பதில். தினமும் 20 கிலோமீட்டர் ஓடுகிறபோது அது சரிதான். மழையில் இரண்டு நாள் ஓடாமல் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கட்டுத்தறியில் மாடு கட்டுகிறவன் நான், பெரிதாகப் பேச வாயில்லை.

ஊரில் வந்து சொன்னதும் எல்லோரும் கேட்ட கேள்வி, அவ்வளவு சாணியை என்ன செய்கிறார்கள் என்பதுதான். இந்தப் பண்ணையில் குவித்துவைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அலாஸ்காவில் ஃபேர்பேங்ஸ் பக்கம் மரத்தூள் கலந்து மக்கவைத்து எருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாய்க் கழிவில் குடற்புழு முட்டை இருக்கும், காய்கறிக்குப் போடக்கூடாது. வீட்டு நாயின் கழிவைத் தோட்டத்து உரக்குழியில் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

கடைசி இரவு மறுபடி குளிர் இறங்கி, பொடிப்பனி விழ ஆரம்பித்தது. மனைவி போன் செய்தாள். "ஏனுங்க, தரகர் மறுபடி வந்துட்டுப் போனாருங்க. என்ன சொல்லட்டும்?"

"நான் வந்துதான் பேசுவேன்னு சொல்லு" என்றேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு வீடு வந்து சேர்ந்தேன். மயிலைக்கும் கொம்பு சீவி வர்ணம் பூசினோம். தரகர் வந்தார். காபி குடித்தார். இப்போதைக்கு இல்லை என்றேன். சோளத்தட்டு இந்த வருடம் விலை ஏறிக் கிடக்கிறது. மயிலையின் தீனியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. கறவையின் பால் பணத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.