ஆணைத் தேடும் முன் மண்ணைத் தேடுங்கள்

வீட்டில் இகுவானாப் பல்லிகளை வளர்த்துக் குட்டி எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது ஆணை. நான் அவர்களிடம் கேட்பது, மண் கொட்ட இடம் இருக்கிறதா என்று. ஆண் துணையே இல்லாவிட்டாலும் வளர்ந்த பெண் முட்டை வைக்கும், பொரியாது, அவ்வளவுதான். அதனால் பெண் ஒன்றை வளர்க்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு.

மத்திய, தென் அமெரிக்க மரங்களில் வாழும் பச்சை இகுவானா, முட்டையிடத் தரைக்கு இறங்கி வளை தோண்டும். கூண்டில் தோண்ட வழியில்லாத பெண்ணுக்கு முட்டைகள் வயிற்றிலேயே தங்கிவிடலாம். உயிரையே பறிக்கும் நிலை அது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மணலும் செம்மண்ணும் கலந்து, பிடித்தால் பிடியில் நிற்கும் ஈரத்தில் இரண்டடி ஆழம் நிரப்பி, இருட்டாக மூடி, ஒரு பக்கம் வாசல் விடுவேன். கடைசி வாரங்களில் அவள் இரை எடுப்பதைக் குறைப்பாள். தோண்டுவாள், மூக்கெல்லாம் மண்ணோடு வெளியே வந்து படுப்பாள், வேறு மூலையில் மறுபடி தோண்டுவாள். எட்டிப் பார்க்கக் கூடாது. துவண்டு கிடந்தால் மட்டும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இணை சேர்ப்பது எளிது. தொடையின் அடியில் வரிசையாக உள்ள துளைகள் ஆணுக்குப் பெரிதாக இருக்கும். பருவத்தில் உடம்பில் ஆரஞ்சு நிறம் ஏறும். அவன் பிடரியைக் கடித்துப் பிடிப்பதால் பெண் அவனுக்கு ஈடான உடம்போடு இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு முன் நான் சேர்ப்பதில்லை. 20 முதல் 70 முட்டை வரை உருவாகத் தேவையான சுண்ணாம்புச்சத்து அவள் எலும்பிலிருந்தும் போகிறது. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, நிழலும் உள்ள இடத்தில் காலை வெயில்: இவை மாதக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டியவை. கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இறைச்சி, முட்டை கொடுக்கவே வேண்டாம், சிறுநீரகம் கெடும்.

முட்டைகளைப் புரட்டாமல், இருந்த நிலையிலேயே எடுத்து, மேற்புறம் பென்சிலால் குறியிட்டு, ஈர வெர்மிகுலைட்டில் வைக்கிறேன். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய மூன்று மாதம். குளிர்காலத்தில் இணைந்தால் அடைகாலம் சித்திரையைத் தொடும். சென்னையில் அப்போது பெட்டியைச் சூடாக்குவதைவிட ஆறவைப்பதுதான் வேலை. எல்லா முட்டையையும் பொரிக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு குட்டியும் ஐந்தடி விலங்காக வளரலாம். வளர்க்கத் தெரிந்த கைகள் எத்தனை உண்டோ அத்தனை போதும். அயல்நாட்டு விலங்குகளைப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளின்படி, பிறக்கும் குட்டிகளையும் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

ஓட்டைக் கிழித்துத் தலை நீட்டும் குட்டி, மஞ்சள் கரு வற்றும்வரை உள்ளேயே இருக்கும், இழுக்க வேண்டாம். இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் குட்டிகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்று பெறுகின்றன என்று 1980களில் பனாமாவில் ஆய்வாளர் காத்ரின் ட்ரோயர் கண்டறிந்தார். அதனால் புழு இல்லை என்று சோதித்தறிந்த தாயின் எச்சத்தைக் கொஞ்சம் அவற்றின் இடத்தில் வைக்கிறேன்.

அந்த வாரங்களில் எல்லோரும் பச்சைக் குட்டிகளைப் பார்க்க வருகிறார்கள். நான் வாராவாரம் எடை போட்டுப் பார்ப்பது தாயை. இடுப்பெலும்பு தெரிய ஒட்டிப்போனவள் பழைய எடைக்குத் திரும்பாமல், அடுத்த பருவத்தில் ஆணோடு விடமாட்டேன்.