‘கொக்கு’ தேடினால் வருமா? – ரஸ்ட் லைப்ரரிகளை எடைபோட்ட கதை

ரஸ்ட் மொழியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். ‘சார்ஸ்’ என்று பிரித்து எண்ணச் சொன்னால் 5. முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3. த, மி, ழ். மூன்றும் சரியான பதில்கள்தான். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யுனிகோடில் 5 குறியீடுகள், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. ஆனால் பிள்ளை சொன்ன அந்த 3 மட்டும் ரஸ்ட்டின் நிலையான லைப்ரரியில் கிடையாது. அது சிக்கலான வேலை, வெளியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரஸ்ட்டின் சொந்தப் பாடப்புத்தகமே கைவிரித்துவிடுகிறது.

வெளியிலே எடுக்கிறதெண்டால் எதை எடுக்கிறது? இந்தக் கேள்வியோடதான் எங்கட நாலு பேரின் கடைசி மூன்று மாதமும் போனது.

வேலை பெரிய வேலை இல்லை. ஊர் வாசிகசாலையின் புத்தகப் பட்டியலைத் தேடவும், வரிசைப்படுத்தவும், புத்தக முதுகில் ஒட்டும் சிட்டையை அச்சடிக்கவும் ஒரு சின்ன மென்பொருள். அங்கே இருப்பது ஒரு பழைய லப்டொப். இணையம் இல்லை. ஒரே ஒரு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் ஓட வேண்டும், வேறொன்றும் நிறுவச் சொல்லக் கூடாது. ரஸ்ட்டைத் தெரிவு செய்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உண்மையைச் சொன்னால், அதைப் படிக்க எங்களுக்கு ஆசை.

(இந்தக் கட்டுரையில் புத்தகம் இருக்கும் இடம் வாசிகசாலை, நிரல் இருக்கும் இடம் லைப்ரரி. இரண்டையும் ‘நூலகம்’ என்று எழுதினால் எங்களுக்கே குழம்புது.)

பைதனில் செய்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்குமே என்று கேட்பீர்கள். பைதனோடு கூட வரும் ‘ஆர்ஈ’ தொகுதியில் சொற்களைப் பிரிக்கச் சொல்லி ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கோ. ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். இகரக் குறியும் புள்ளியும் அதற்கு எழுத்துக் கணக்கில் இல்லை. ரஸ்ட்டின் ‘ரீஜெக்ஸ்’ லைப்ரரி அதே சொல்லை முழுசாகத் தந்தது. எங்களுக்கு ரஸ்ட் மேல் மரியாதை வந்த இடம் இதுதான். வேகம் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள். சில ஆயிரம் புத்தகத் தலைப்பைத் தேட வேகம் எதுக்கு?

லைப்ரரிகளை ஒப்பிடும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் கனக்க இருக்கு. எத்தனை பேர் இறக்கினார்கள், கிட்ஹப்பில் எத்தனை நட்சத்திரம், நொடிக்கு எத்தனை வேலை செய்யும் என்று அட்டவணை போடுவார்கள். எங்களுக்கு அது ஒன்றும் உதவவில்லை. கடைசியில் ஒரு உரைக்கோப்பில் முப்பது சொற்களை எழுதி வைத்து, அகப்பட்ட லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் அதைத் தீனியாகப் போட்டம்.

எழுத்தெண்ண எடுத்தது ‘யுனிகோட்-செக்மென்டேஷன்’. அதிலே ஒரு தெரிவு இருக்கு. ‘ட்ரூ’ என்றால் புதிய விதி, ‘ஃபோல்ஸ்’ என்றால் பழைய விதி. புதிய விதியில் ‘தமிழ்’ 3. பழைய விதியில் 4, ஏனென்றால் ‘மி’ இரண்டாக உடையும். ஆனால் அதே பழைய விதியில் ‘மீ’ உடையாது, ‘மா’வும் உடையாது! யுனிகோட் அட்டவணையில் இந்த மூன்று குறிகளுக்கும் வேறு வேறு குணம் எழுதப்பட்டிருப்பதால் வந்த கூத்து. புதிய விதியிலும் ‘ஸ்ரீ’ இரண்டாகத்தான் எண்ணப்படும். அதை நாங்கள் சகித்துக்கொண்டம்.

தேடல்தான் உண்மையில் மெனக்கெடுத்தியது. வாசிகசாலைப் பட்டியலின் பாதி, வருடக்கணக்கில் பாமினியில் அடித்துப் பிறகு யுனிகோடுக்கு மாற்றப்பட்டது. பரிசோதிக்க வந்த தங்கச்சி ஒருத்தி, “அண்ணை, கொக்கு எண்டு அடிச்சா வருதில்லை. புத்தகம் இந்தா கையில இருக்கு” என்றாள். திரையில் இரண்டு ‘கொக்கு’ம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. பைட்டை எண்ணினால் ஒன்று 18, மற்றது 21. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, பிறகு ஆகாரக் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘யுனிகோட்-நோர்மலைசேஷன்’ என்ற சின்ன லைப்ரரி இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். சேமிக்கும்போது ஒருக்கா, தேடும்போது ஒருக்கா.

ஆனால் ‘கௌரி’க்கு அதுவும் உதவாது. மாற்றிய பட்டியலில் அந்தப் பெயர் எகரக் கொம்பு, க, பக்கத்தில் ‘ள’ என்ற முழு எழுத்தாக இருந்தது. பார்க்க ‘கௌரி’, எழுத்தின்படி ‘கெளரி’. யுனிகோடைப் பொறுத்தவரை அது வேறொரு சொல், லைப்ரரி அதைத் தொடாது. தொடவும் கூடாது, ‘தெளிவு’ என்ற சொல்லைத் ‘தௌிவு’ ஆக்கிவிட்டால் என்ன செய்வது? பட்டியலில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நாங்களே ஒரு திருத்த அட்டவணை எழுதினம்.

வரிசைப்படுத்தல் இன்னொரு விதம். ரஸ்ட்டின் ‘சோர்ட்’ குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கும். மனம், மரம், மறம், மலர், மழை என்று வந்தது. அகராதியில் மரம், மலர், மழை, மறம், மனம் என்றுதான் வர வேண்டும். ‘ன’வுக்கு எண் ‘ந’வுக்கு அடுத்ததாகவும் ‘ற’வுக்கு ‘ர’வுக்கு அடுத்ததாகவும் கொடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். யுனிகோட் கூட்டமைப்பின் ஐசியு4எக்ஸ் திட்டத்தில் வரும் ‘ஐசியு-கொலேட்டர்’ இதைச் சரியாக அடுக்கியது. அதன் விலை வேறு. ஒரு லைப்ரரியைக் கேட்டால் அது தன் சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரும். ‘கார்கோ ட்ரீ’ அடித்துப் பார்த்தபோது திரை உருண்டுகொண்டே போனது. எங்களில் ஒருத்தன், பதினெட்டு மெய்க்கும் சொந்தமாக எண் கொடுத்து நாப்பது வரியில் முடிக்கலாம் என்று வாதாடினான். முடிக்கலாம்தான். பிறகு ‘ஜ’, ‘ஷ’, இடையில் வரும் ஆங்கிலத் தலைப்பு, இலக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். பாரமானதையே எடுத்தம். ‘கார்கோ வென்டர்’ என்ற கட்டளை எல்லாத்தையும் ஒரு கோப்புறைக்குள் இறக்கித் தந்துவிடும்; டேட்டா முடிந்த நாளிலும் அதை வைத்து நிரலைக் கட்டலாம்.

திரையில் காட்டுகிற விசயத்தில்தான் எங்களுக்குக் கோபம் வந்தது. ‘ஈகூய்’ அருமையான லைப்ரரி, ஒரு பின்னேரத்தில் சாளரம், பொத்தான், தேடல் பெட்டி எல்லாம் செய்துவிடலாம். தமிழ் எழுத்துருவையும் ஏற்றினம். நாங்கள் எடுத்த பதிப்பில் ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றது. குறியீடுகளை வந்த ஒழுங்கில் அப்படியே வரைந்தால் அப்படித்தான் வரும். கொம்பை முன்னுக்குக் கொண்டுவர ஒரு தனிப் படி வேண்டும். ‘ஃபொன்ட்டியூ’, ‘ஏபி-கிளிஃப்’ போன்ற எழுத்துரு லைப்ரரிகளும் அந்தப் படியைத் தங்கள் வேலையாக எடுப்பதில்லை.

‘ஐஸ்ட்’ லைப்ரரி 2023இல் 0.10 பதிப்போடு ‘கொஸ்மிக்-டெக்ஸ்ட்’டை உள்ளே எடுத்தது, அதற்கு அந்தப் படி தெரியும். ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு நிலை வைத்திருந்தார்கள்: ‘பேசிக்’, ‘அட்வான்ஸ்ட்’. சும்மா விட்டால் பேசிக். அந்த நிலையில் சிக்கலான எழுத்துமுறைகள் ஒழுங்காக வராது என்று ஆவணத்தில் நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். அம்மா பெயரைப் பிழையில்லாமல் காட்ட நாங்கள் ‘அட்வான்ஸ்ட்’ என்று எழுத வேண்டியிருந்தது. வேகத்துக்காகச் செய்தது என்று விளங்குது. என்றாலும் பெயர் வைத்தவர் எந்த மொழியில் யோசித்தார் என்பதும் விளங்குது.

இருந்தும் ஐஸ்டையே எடுத்தம். வழி இருக்கிறதும் இல்லாததும் ஒன்றில்லையே.

சிட்டை அச்சடிக்க முதலில் ‘பிறின்ட்பிடிஎஃப்’. அதிலும் அதே கொம்புப் பிரச்சினை. சி++இல் எழுதிய ஹார்ஃபபஸ்ஸை ரஸ்ட்டுக்குள் இணைக்கலாம், ஆனால் சி++ தொகுப்பியையும் கூடவே கட்டி இழுக்க வேண்டும். அதை ரஸ்ட்டிலேயே திருப்பி எழுதிய ‘ரஸ்டிபஸ்’ கொஞ்சம் மெதுவு. சிட்டைக்கு அது காணும். அதைச் சுற்றி நாங்கள் வரி உடைக்கிறதையும் எழுதத் தொடங்கின நேரம்தான் ‘டைப்ஸ்ட்’ கண்ணில் பட்டது. 2023இல் திறந்த மூலமாக வெளிவந்த அச்சுக்கோப்பு மென்பொருள், அதுவும் ரஸ்ட்டில் எழுதப்பட்டது, உள்ளே ரஸ்டிபஸ்தான். ஒரு வார்ப்புரு எழுதி, தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தம். முதல் பக்கத்திலேயே ‘கொக்கு’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’ எல்லாம் ஒழுங்காக வந்தது. எங்கட நிரல் இப்போது உரைக்கோப்பை மட்டும் எழுதிக் கொடுக்கிறது, மீதியை டைப்ஸ்ட் பார்க்கிறது. ஒரே கோப்பு என்ற ஆசை இரண்டு கோப்பானது. பென் டிரைவில் இடம் இருக்கு.

போன சனிக்கிழமை வரைக்கும் ‘அ’ முதல் ‘ச’ வரையான அலுமாரிகளுக்குச் சிட்டை ஒட்டியாச்சு. சோதனைக் கோப்பில் இப்போது நாற்பத்தியொரு சொல் இருக்கு. கடைசியாகச் சேர்த்தது ‘ஃ’ இரண்டு தரம் வருகிற ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் தலைப்பு. உங்கட ஊர்ப் பெயரோ, ஆச்சியின் பெயரோ எந்த மென்பொருளிலாவது உடைஞ்சு வந்திருந்தால் அந்தச் சொல்லை எங்களுக்கு அனுப்புங்கோ, கோப்பில் சேர்க்கிறம்.